சூப்பில் என்ன போட்டாய் என்று கேட்டீர்களே

உஸ்கென்

பெர்மெத்தின் அப்பாவுக்கு, ஷாயிர்குல் சலாம் கூறி எழுதுவது.

நானும் மகளும் சுகம். ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. நீங்கள் வேலை பார்க்கும் கசானில் குளிர் குறைந்ததா?

போனில் பேசும்போது மாமா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். கசான் பஸ் டிரைவர் ஸமீரிடம் கொடுக்காமல் தபாலில் போடுவதற்கும் காரணம் இருக்கிறது.

நோன்புக்கு முன்பே மாமாவின் முகம் காலையில் உப்ப ஆரம்பித்தது. பிறகு கால் வீங்கி, பூட்ஸ் நுழையவில்லை. உங்கள் அக்கா சல்தனத் விருந்தாளிகள் முன்னால் என்னைக் காட்டிச் சொன்னார்: "எங்கப்பா மலைப்பாதையில லாரி ஓட்டினவரு. கல்லு மாதிரி இருந்தாரு. இவ கை சாப்பாட்டுக்கு மாறின பிறகுதான் இப்படி ஊதறாரு." அன்று என் சூப்பை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனார். யாரிடம் காட்டினாரோ தெரியாது. அதற்குப் பின் ஒவ்வொரு கிண்ணத்திலும் நான் முதலில் குடித்துக் காட்டிய பிறகே மாமாவுக்குக் கொடுத்தேன். அந்த வாரம்தான் நீங்களும் போனில், சூப்பில் என்ன போடுகிறாய் என்று கேட்டீர்கள். உப்பு என்றேன். வேறு என்ன சொல்ல?

அக்கா தன் வீட்டிலிருந்து பிலாவ் கொண்டுவர ஆரம்பித்தார். செம்மறிவால் கொழுப்பு அரிசிமேல் மிதக்கும். வீக்கம் குறையவில்லை, ஏறியது.

மருத்துவமனையில் டாக்டர் கெரிமா ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார். சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டார். நுரைக்கிறது என்று மாமா முணுமுணுத்தார். டாக்டர் மாமாவையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிறுநீரகத்துக்குள்ள பூரா மெல்லிசு ரத்தக் குழாய்ங்க. நாக்குக்கடியில அதக்கற நஸ்வாய்ப் புகையிலைத் தூள்ல இருக்கற நிகோடின் அதை இறுக்குது, பிரஷரையும் ஏத்துது. கொலஸ்ட்ரால் உள்ளே படிஞ்சு அடைக்குது. இவருக்கு ரெண்டும். பாதிக்கு மேல போயிடுச்சு. மிச்சத்தையாவது காப்பாத்துங்க."

மாமா சிரித்தார். பனிச்சரிவில் சாகாதவனை ஒரு சிட்டிகை பச்சைத் தூளா சாகடிக்கும் என்றார். அக்காவோ, டாக்டர் என் தாய்வழி உறவாக இருக்கும் என்று ஊரெல்லாம் சொன்னார்.

நஸ்வாயை நான் கழிப்பறையில் கொட்டினேன். மாத்திரை தவறாமல் கொடுத்தேன். ஆனால் பிரஷர் இறங்கவே இல்லை. டாக்டர் என்னைக் கூர்ந்து பார்த்து, "வீட்ல யாரோ இன்னும் நஸ்வாய் குடுக்கறீங்க" என்றார். எனக்கு உங்கள் அக்காமேல்தான் சந்தேகம். அவர் தொழுதுகொண்டிருந்தபோது அவர் பையைத் திறந்து துழாவினேன். துணியில் சுற்றிய கொழுப்புக் கட்டிதான் இருந்தது. தொழுகை முடித்துச் சலாம் கொடுத்துத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

அன்று நாங்கள் பேசிக்கொண்டதை எழுத மாட்டேன். கடைசியில் அவர் அழுதார். எங்கப்பாவுக்கு நானே கொடுப்பேனா என்றார். மாமாவுக்கு நானே கொடுப்பேனா என்றுதானே இத்தனை நாளும் நானும் கேட்டேன் என்றேன். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து மாமாவின் அறையைத் தேடினோம். குளிர்காலக் கோட்டின் உள்பையில் வட்டமான தகர டப்பாக்கள். உள்ளே தேநீர்ப் பை போல, அதைவிடச் சின்னதாக வெள்ளைப் பொட்டலங்கள். இந்த ஊர்ச் சந்தையில் நான் பார்த்ததே இல்லை.

மாமா மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்: "ஏம் பையன் அனுப்பினான். ஸமீர் மாசாமாசம் கொண்டாந்து குடுக்கறான். புகையில இல்ல, மேலுதட்டுக்குள்ள வெச்சா போதும், துப்ப வேண்டாம், சுத்தமானதாம். அவனுக்கு இருக்கற அக்கறை உங்களுக்கு இருக்கா?"

டாக்டரிடம் காட்டினேன். புகையிலை இல்லாவிட்டாலும் நிகோடின் நிறையவே இருக்கிறது என்றார்.

அன்றே அக்கா பிலாவ் சட்டியை எடுத்துப்போய்த் தேய்த்துக் கழுவினார். இப்போது இருவரும் சேர்ந்துதான் சமைக்கிறோம். இன்னமும் என் சூப்பை ருசி பார்க்கிறார், உப்பே இல்லையே என்று திட்டுகிறார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாமாவின் பூட்ஸ் இந்த வாரம் காலில் நுழைந்தது.

நீங்கள் கெட்டது நினைத்து அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். நல்லது என்று எப்படித் தெரிந்தது உங்களுக்கு? யார் சொன்னார்கள்? நீங்களும் போட்டுப் பார்த்துத்தானே அனுப்பியிருப்பீர்கள்? போன வெள்ளிக்கிழமை போனில் வீடியோவில் பார்த்தபோது உங்கள் மேலுதடு ஒரு பக்கம் புடைத்திருந்தது. பல்வலி என்றீர்கள். கண்களுக்குக் கீழே வீக்கம். இரவு வேலை என்றீர்கள். நான் நம்பினேன் என்று நினைக்க வேண்டாம்.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரத்தமும் சிறுநீரும் கொடுத்துப் பரிசோதியுங்கள். முடிவு எதுவானாலும் என்னிடம் முதலில் சொல்லுங்கள், உண்மையாகச் சொல்லுங்கள். அல்லா உங்களை முழுதாகத் திருப்பி அனுப்பட்டும்.

உங்கள்
ஷாயிர்குல்