விட்டுப்போன மூன்றாவது வரி

அன்புள்ள அக்காவுக்கு,

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 42 நிமிடம் 18 விநாடி. 18,640 பதிவுகள் மாற்றப்பட்டன.

உன் நர்ஸ் சிநேகிதி கடிகாரம் அக்காவைக் காப்பாற்ற ஆதாரம் தேடித் தரச் சொன்னாயே, அது இந்த ஒரு வரிதான். என் கணினியிலிருந்து எடுத்தது. நீ அனுப்பிய ஏழு குரல் செய்திகளையும் கேட்டேன், ஒன்றரை மடங்கு வேகத்தில். ஏழிலும் சொன்னது ஒன்றுதான்: "டேய், அவ பாக்காம ஊசி போடுற ஆளே இல்லடா. நீ அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்லதானே குப்பை கொட்டுற, தோண்டிப் பாரு." தோண்டவே தேவைப்படவில்லை. மேலேயே கிடந்தது.

மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, போனில் நீ கேட்டபோது "எனக்கு ஒண்ணும் தெரியல, பாக்குறேன்" என்றேன். பொய். அப்போதே எல்லாம் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அந்தச் சந்தில் நழுவிவிடுவேன். எழுத்தில் அது முடியாது.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று அப்பா இறங்கினார், இப்போது அது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. இருவருக்கும் இது எதுவும் தெரியாது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

என் வேலை என்ன என்று நீ இதுவரை ஒழுங்காகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் பகுதிக்குப் பக்கத்து அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க இயந்திரம் சுற்றும், என் மேஜை நடுங்கும். நோயாளிகளின் விவரம் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. முன்பு அதைத் தொட வேண்டுமானால் தனி அறைக்குப் போய், தனிக் கணினியில், இன்னொருவர் பக்கத்தில் நிற்கத்தான் தொட முடியும். போன வருஷம் முதல் அது மாறிவிட்டது. நான் நிரல் எழுதுகிற மென்பொருளுக்குள்ளேயே தரவுத்தளத்துக்கும் ஒரு பலகை உண்டு. இடது பக்கம் என் நிரல், வலது பக்கம் 18,640 மனிதர்கள். நடுவில் ஒரு கோடு. கட்டளையை எழுதி ஒரு விசையைத் தட்டினால் ஓடிவிடும். இந்த வசதியைக் கேட்டு வாங்கியது நான்தான். தனி அறைக்கு நடப்பது நேர விரயம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பலகையில் இரண்டு இணைப்புகள். ஒன்று சோதனைப் பிரதி, மேலே பச்சைப் பட்டை வரும். இன்னொன்று அசல், சிவப்புப் பட்டை. கண் கூசுகிறது என்று திரையை முழுக்கக் கறுப்பாக மாற்றி வைத்திருந்தேன். அந்தக் கறுப்பில் இரண்டு பட்டையும் ஒரே பழுப்பாகத் தெரியும். பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. நான்தான் கவனமானவன் ஆயிற்றே.

அன்று வந்த வேலை சின்னது. மருந்து ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு மாதிரி குறித்து வைத்திருந்தார்கள். ஒருவர் 'ஏதுமில்லை', ஒருவர் வெறும் கோடு, ஒருவர் 'கேட்டேன், இல்லையாம்'. இப்படி 212 பேர். எல்லாவற்றையும் 'இல்லை' என்று ஒரே மாதிரி ஆக்க வேண்டும். மதியத்துக்குள் அறிக்கை கேட்டிருந்தார்கள். மூன்று வரியில் கட்டளை எழுதினேன். முதல் வரி, ஒவ்வாமைப் பட்டியலை மாற்று. இரண்டாவது, 'இல்லை' என்று போடு. மூன்றாவது, இன்னின்னார்க்கு மட்டும்.

இந்தப் பலகைக்கு ஒரு குணம் உண்டு. திரையில் சில வரிகளைச் சுட்டியால் தேர்ந்தெடுத்திருந்தால் அவற்றை மட்டும்தான் ஓட்டும். நான் முதல் இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுத்து ஓரத்தை நேராக இழுத்து வைத்தேன். அழகாக இருக்க வேண்டும் என்று. தேர்வை விலக்காமலேயே விசையைத் தட்டினேன். மூன்றாவது வரி ஓடவில்லை. இணைப்பு சோதனைப் பிரதிக்கு என்று நினைத்தேன், அது அசலுக்கு இருந்தது. கீழே எண் வந்தது. 212 வர வேண்டிய இடத்தில் 18,640. ஆஸ்பத்திரியில் யாருக்கும் எந்த மருந்து ஒவ்வாமையும் இல்லை என்று ஆகிவிட்டது.

வேகமாக வேலை செய்தேன். அதிகாலை நான்கு மணிக்கு எடுத்த நகல் இருந்தது. அதிலிருந்து அந்தப் பட்டியலை மட்டும் திரும்பக் கொண்டுவந்து, சரிபார்த்து முடித்தபோது மணி 12:04. இருபத்திரண்டு நிமிடம். ஒரு எழுத்து குறையவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி பண்ணிட்டியா? அப்ப விடு. மேல போய் வார்டுக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத, பயந்துருவாங்க" என்றார். விட்டேன். அந்த எண்ணைப் பார்த்த உடனேயே வார்டுகளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

11:53-க்கு மூன்றாம் மாடியில் கடிகாரம் அக்கா ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்திருக்கிறார். தையல்காரர், ஐம்பத்திரண்டு வயது. காலில் புண் சீழ் பிடித்து, காய்ச்சலில் நினைவு தடுமாறி வந்தவர். புண்ணுக்கு எழுதிக் கொடுத்திருந்த ஊசி அவருக்கு ஆகவே ஆகாது. எட்டு வருஷத்துக்கு முன்பே எங்கள் தரவுத்தளத்தில் பதிந்தது. திரை 'இல்லை' என்று காட்டியிருக்கிறது. அவர் மனைவி படிவத்தில் கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தார். ஊசி போட்டது 11:57. அந்த அம்மா திரும்பி வரும்போது கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நின்றிருக்கிறார்கள். 16-ம் தேதி, வியாழக்கிழமை காலை தையல்காரர் இறந்துவிட்டார்.

இப்போது கணக்கு எப்படி நிற்கிறது, பார். கடிகாரம் அக்கா 11:53-க்குப் பக்கத்தைத் திறந்தார் என்று குறிப்பு இருக்கிறது. திரையில் என்ன தெரிந்தது என்று எங்கும் குறிப்பு இல்லை. இன்று அதே பக்கத்தைத் திறந்தால் 'ஒவ்வாமை உண்டு' என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான்தானே திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். ஆக, திறந்தார், படிக்கவில்லை, குத்தினார். 17-ம் தேதி வெள்ளிக்கிழமையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. நர்ஸ் பதிவையே ரத்து செய்யச் சிபாரிசு தயாராக இருப்பதாகக் கீழே துணி வெளுப்பவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

சர்வரில் இருக்கும் மாற்றக் குறிப்புகள் ஏழு நாளைக்குத்தான் நிற்கும். 21-ம் தேதியோடு போயிற்று. அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் மற்றது எதைச் சொல்லியும் பிரயோசனம் இல்லை.

ஆனால் அந்தப் பலகை, ஓட்டிய கட்டளைகளை எல்லாம் என் கணினியிலேயே தனியாக எழுதி வைத்துக்கொள்கிறது. தேதி, விநாடி, எந்த இணைப்பு, எத்தனை பதிவுகள். இது இருப்பதையே மறந்திருந்தேன். உன் ஐந்தாவது குரல் செய்தியைக் கேட்டுவிட்டுத் திறந்தேன். இருந்தது. வலது பக்கம் சொடுக்கினால் 'நீக்கு' என்று வரும். விரல் அதன்மேல் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை எண்ணவில்லை.

நேற்று மாலை கடிகாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். கதவைத் திறந்ததும், "வாப்பா, உங்கக்கா அனுப்பினாளா? அவ அங்க உக்காந்துக்கிட்டு என்னை விரட்டுறா, நீ இங்க" என்று சிரித்தார். அந்த வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும், உனக்குத் தெரியும். ஆறு வருஷம் நர்ஸ் விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவள், கடிகாரம் என்று பட்டம் கட்டியவளே நீதானே. நேற்றோ, சாப்பிட்ட தட்டு நாற்காலியில் கிடந்தது. மூக்கில் புதுக் கண்ணாடி.

என்ன இது என்று கேட்டேன். "கண்ணைக் காட்டிட்டு வந்தேன் தம்பி. டாக்டரு ஒண்ணும் பெருசா இல்லங்கிறாரு. நான்தான் போட்டே ஆகணும்னு எழுதி வாங்கினேன்" என்றார். பிறகு சொன்னார்: "முதல்ல நான் பாத்தேன், இல்லைன்னுதான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணேன். அப்புறம் அவங்க அந்தப் பக்கத்தை என் முன்னாடியே திறந்து காட்டினாங்கப்பா. செவப்பா, இத்தாம் பெருசா இருக்கு. அவ்வளவு பெருசா இருக்குறது என் கண்ணுல படலைன்னா, இருபது வருஷமா வேற என்னென்ன படாம விட்டேனோ. எத்தனை பேருக்கு என்ன போட்டேனோ." அதைச் சொல்லிவிட்டு, தன் பழைய நோயாளிகளை ஒவ்வொருவராக நினைத்து எண்ண ஆரம்பித்தார். விரல்விட்டு. நாளை விசாரணையில் தப்பு என்னுடையதுதான் என்று ஒத்துக்கொள்ளப் போகிறாராம். "சொல்லிட்டா தூக்கமாவது வரும்" என்றார்.

நான் தேநீரைக் குடித்துவிட்டு, சொல்லாமலே வந்துவிட்டேன், அக்கா. இரண்டு பிஸ்கட்டும் தின்றேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, பிரிவுத் தலைவர் என் மேஜைக்கு வந்தார். அதுவரை என் பக்கம் வராத மனுஷன். "உனக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கு. திங்கட்கிழமை ஒம்போது மணிக்குப் பழசைக் குடுத்துரு, அழிச்சிட்டுத் திருப்பி அனுப்பணும்" என்றார். இந்தக் கணினிக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி, "கேக்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உன் வயசுல எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரல" என்றார். தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு உதவி செய்வதாக அவர் நிஜமாகவே நம்புகிறார் என்று நினைக்கிறேன்.

இன்று ஞாயிறு, இரவு பத்தரை மணி. அந்த அறையிலிருந்துதான் எழுதுகிறேன். துணி இயந்திரம் இன்று ஓடவில்லை. மேஜை நடுங்காமல் இருப்பதே பழக்கமில்லாமல் இருக்கிறது. வெளிநாட்டில் நீ இந்நேரம் இரவு டூட்டியில் இருப்பாய், போனைப் பெட்டியில் பூட்டியிருப்பாய். நீ இதைப் பார்க்கும்போது இங்கே திங்கட்கிழமை ஒன்பதரை ஆகியிருக்கும். என்னைத் தடுக்கவும் நேரம் இருக்காது, தைரியம் சொல்லவும் இருக்காது. இரண்டும் வேண்டாம் என்றுதான் இந்த நேரம். நீ அங்கிருந்தே சிபாரிசு பண்ணித்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. அதற்கும் சேர்த்துத் திட்டு, பிறகு.

இனி செய்யப் போவது:

1. இந்தக் கடிதத்தை இப்போதே அனுப்புகிறேன். அந்த வரியின் படமும் கூட வருகிறது. அனுப்பிவிட்டால் என்னால் திரும்ப எடுக்க முடியாது. அதற்காகத்தான் முதலில் உனக்கு.

2. அதே படத்தை நான்கு தாளில் அச்சடித்திருக்கிறேன். கணினியை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். ஒன்பது மணிக்கு யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

3. காலை எட்டு மணிக்குக் கடிகாரம் அக்கா வீடு. வாசலில் நின்றே சொல்வேன். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன். உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது என்பதை முதலில் சொல்வேன், மற்றதை அதற்குப் பிறகு.

4. பத்து மணிக்கு விசாரணை. அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் தாளை வைத்துவிட வேண்டும். பிரிவுத் தலைவர் சொன்னதையும் சொல்வேன், ஆனால் விசையைத் தட்டியது என் விரல் என்று சொன்ன பிறகுதான்.

5. அம்மா அப்பாவிடம் மாலையில் நானே சொல்கிறேன். வேறு யார் வாயிலிருந்தும் போகக் கூடாது.

6. தையல்காரரின் மனைவி. அந்த அம்மாவிடம் போக வேண்டும். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அரை மணி நேரமாக ஆறு என்ற எண்ணை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

7. இது உனக்கு. இதைப் படித்ததும் என்னைக் கூப்பிடாதே. கடிகாரம் அக்காவைக் கூப்பிடு. நான் போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகு, அவர் விசாரணைக்குப் புறப்படும்வரை அந்த வீட்டில் அவரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் வைத்துவிடாதே, அவர் எடுக்கும்வரை அடி. அப்புறம், உனக்கு முடிந்தால், என்னை.

உன் தம்பி