பதினாறு அங்குல முழம்

கொழும்பு,
12 பிப்ரவரி 1948

மாதாவின் காவலில் இருக்கும் என் அன்பு மிக்கேலம்மாளுக்குக் கணவன் சந்தியாகு எழுதுவது. நான் சுகம். மணப்பாட்டில் நீ எப்படி இருக்கிறாய், அம்மாவின் கால்வலி எப்படி என்று உடனே எழுது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. துறைமுகச் சரக்குக் கிட்டங்கிக்குச் சிமிண்டுக் கல்லால் சுவர் வைக்கிறோம். அளவு நாடா அறுந்துபோனதால், நீ என் பெட்டியைக் கட்டித் தந்த கயிற்றால் நீளத்தை அளந்தேன். கடைக்காரர் அளவை நம்பாமல் நீ முழம்போட்டு, முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிறுதான். பத்து முடிச்சு, மூன்று தடவை. "முப்பது முழம்" என்றேன். மேஸ்திரி பால்துரை முழத்துக்குப் பதினெட்டு அங்குலம் என்று கணக்குப் போட்டு வரிசைக்கு முப்பத்துநாலு கல் இறக்கினார். எட்டு வரிசையும் முடிந்தபோது முப்பத்திரண்டு கல் மிச்சம்.

"ஏலே சந்தியாகு, யாரு முழம்ல இது?" என்றார்.

"எம் பெஞ்சாதி முழம், அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். அடிக்கோலை வைத்துப் பார்த்தால் உன் முழம் பதினாறு அங்குலம். சாந்தோடு சேர்த்து ஒரு கல்லின் நீளமும் அதேதான். மிச்சக் கல்லை நானே சுமந்து திருப்பி வைத்தேன். முதுகுக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

வருகிற ஆளிடம் கொஞ்சம் சீலாக் கருவாடும் பத்து முழக் கயிறும் கொடுத்தனுப்பு. பழைய கயிறு சிமிண்டில் ஊறி நைந்துவிட்டது. நீயே முழம்போட்டு முடிச்சிடு, உன் தம்பியிடம் கொடுத்துவிடாதே.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். மேஸ்திரி நேற்றே புது நாடா கொடுத்துவிட்டார். இருந்தாலும் கயிறு அனுப்பு.

சந்தியாகு