பிழிந்த காற்று

சிட்டு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் நலம், துணிகள்தான் காயவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் வானிலையைச் சொல்கிறாய், அதனால் உடம்பைப் பற்றித் தனியாக எழுது. இந்த வருஷமும் நீ வராத விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், இப்போதே எழுதினால் கோபம் வரும்.

நம் சலவைக் கடையில் துணி உலர்த்தும் டிரையர் மறுபடியும் படுத்துவிட்டது. மாடியில் கொடி கட்டிக் காயப்போட்டால் மதியம் ஆனதும் டாண் என்று மழை வந்து நிற்கிறது. ஆஸ்பத்திரி விரிப்புகள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே தொங்குகின்றன, தபால்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார். நீ காற்றழுத்தப் பட்டைகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்ததிலிருந்து உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி மேட்ரன் விரிப்பு வரவில்லை என்று போனில் கத்தினால், இவர் நிதானமாக, "அம்மா, நாம இருக்கிறது பூமியோட இடுப்புல, பூமத்திய ரேகைப் பக்கம். இங்க காத்து சூடாகி மேல போயிடுது, அழுத்தம் கம்மி, மழை கொட்டத்தான் செய்யும், நான் என்ன பண்றது" என்கிறார். "இடுப்பு இருக்கட்டும்ங்க, விரிப்பு எங்க" என்று அந்த அம்மாள் கேட்டாராம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மேலே போகிற காற்று ஈரத்தையெல்லாம் எங்கள் தலையில் பிழிந்துவிட்டு, உயரத்திலேயே நகர்ந்து, வெறுங்கையோடு உன் ஊரில் வந்து இறங்குகிறது. அதனால்தான் அங்கே அழுத்தம் கூடுதல், மேகம் கிடையாது, ஊரே பாலைவனம், கிளிப் மாட்டும் முன்னே உன் சட்டை காய்ந்துவிடுகிறது. துவைப்பது நாங்கள், காய்வது உனக்கா? வயிறு எரிகிறது போ. உதடு வெடித்தால் எண்ணெய் தடவு, தண்ணீர் நிறையக் குடி.

நிற்க. லீவு கிடைக்கவில்லை என்று தம்பியிடம் சொன்னாயாமே, என்னிடம் சொல்லப் பயமா? அப்பா அதைக் கேட்டுவிட்டு, உன் அறையில் தொங்கிய விரிப்புகளை மட்டும் எடுத்துச் சமையலறையில் போட்டார், அந்த ரூம் சும்மா இருக்கட்டும் என்றார். எனக்கும் உன்னைப் பார்க்காமல் மனசு கிடந்து தவிக்கிறது, வெட்கத்தை விட்டே எழுதுகிறேன். நேற்று அவர் படம் போட்டுக் காட்டினார். உன் ஊரில் இறங்குகிற காற்று அங்கேயே தங்கிவிடுவதில்லையாம், தரையோடு தரையாக வீசி மறுபடியும் இங்கேதான் வருமாம். கையும் இல்லை காலும் இல்லை, அதற்கு எந்த மேலாளர் லீவு கொடுத்தாராம்?

நன்றாக இரு கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு. இன்னொரு தரம் எழுதிக் கொடுத்துப் பார்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா