இறங்கி விழுந்த மூன்று வளைவுகள்

இன்று காலை என் மகள் கம்பி மத்தாப்புப் பெட்டியைப் பிரித்தபோது மேல்தாளிலிருந்து அச்சு மை வாசம் வந்தது. முகப்பில் அந்த மூன்று வளைவுகள். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது.

சிவகாசி அச்சகத்தில் நாம் இருவரும் லேபிள் ஓவியர்கள். ஒரு பட்டாசுக் கம்பெனி புது முத்திரை கேட்டிருந்த சமயம் மதுரைப் பொருட்காட்சிக்குப் போனோம். நான் கடைகளைப் பார்த்தேன்; நீ கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். முகப்பில் இடமிருந்து வலமாக, ஒன்றைவிட ஒன்று உயரமாக மூன்று வளைவுகள்.

“ஏலே, வாணம் ஏறுற மாதிரி இல்ல?” என்று டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே வரைந்தாய். ஊர் திரும்பி, தாள் தாளாகக் கிழித்துப் போட்டுக் கோடுகளைக் குறைத்துக்கொண்டே வந்தாய். கடைசியில் மூன்று கோடுகளும் உச்சியில் ஒரு பொறியும் மிஞ்சின. பார்த்ததுமே கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது.

அதை அச்சுக்கல்லில் ஏற்றியவன் நான். கல்லில் இடவலம் மாற்றி வரைந்தால்தான் தாளில் நேராக விழும். மாற்ற மறந்துவிட்டேன். தீபாவளி ஆர்டர் முழுவதும் அச்சான பிறகே தெரிந்தது, வாணம் ஏறவில்லை, இறங்குகிறது என்று.

“எவன்யா கல்லுல ஏத்துனது?” என்று கத்தினார் நம் முதலாளி.

“நாந்தான் மொதலாளி, கவனிக்கல” என்றாய் நீ. அன்றே உன்னை வெளியே அனுப்பினார்கள். வாசலில் என்னிடம், “ஒம் பொண்டாட்டிக்கு எட்டு மாசம்லே. நான் ஒத்தக்கட்டை, பொழைச்சுக்கிடுவேன்” என்றாய்.

மறுபடி அச்சடிக்க நாளில்லாமல் அதே லேபிளோடு சரக்கு போனது, நன்றாக ஓடியது. வியாபாரிகள் அந்த முத்திரையையே கேட்டார்கள். இடவலம் மாறிய படமே நிலைத்துவிட்டது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் நீ அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து இடிக்கப் போயிருந்தாய். இரண்டாம் வருடம் மருந்து தீப்பற்றி உன் வலது கை விரல்கள் ஒட்டிக்கொண்டன. பார்க்க வந்த என்னிடம், “பிள்ள நடக்குதா?” என்று மட்டும் கேட்டாய்.

பிறகு அச்சங்குளத்திலேயே கல்யாணம் செய்துகொண்டு குடியிருந்தாய். உன் காரியத்தன்று உன் மனைவி என்னிடம் கேட்டார்: “அண்ணே, இவுக ஏன் அச்சாபீச விட்டு வந்தாக? ஒருநாளும் சொன்னதில்லயே.”

“தெரியலயேம்மா” என்றேன். நீ இல்லாத வீட்டிலும் உன்னை இன்னொரு முறை விட்டுக்கொடுத்தேன்.

அச்சங்குளம் போகும் பஸ் தினமும் என் தெருமுனையில்தான் நிற்கிறது. நான் ஏறுவதில்லை.