கட்டில் காலில் துப்பட்டா

செவ்வாய், இரவு பதினொன்று.

சாந்தி அக்காவை என் மகள் மித்ராவைப் பார்த்துக்கொள்ள மட்டும்தான் வேலைக்கு வைத்தேன். அவளுக்குப் பதினோரு மாதம். பாத்திரமும் துணியும் பிறகு நானாகச் சேர்த்தவை. எண்ணூரில் நிலக்கரித் தூசி ஓயாமல் வருகிறது, பிள்ளை தவழும் தரை என்று இரண்டு வேளை துடைக்கவும் சொன்னேன்.

இன்று மதியமே வீடு திரும்பினேன். அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். மித்ராவின் கால் என் துப்பட்டாவால் கட்டில் காலோடு கட்டப்பட்டிருந்தது. கத்திவிட்டேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "வூட்டுக்கு வந்தா நீ மொதல்ல தரையத்தான பாக்குற? கொயந்தைய தூக்கிகினு எப்டிமா தொடைக்கிறது? எனக்கு ரெண்டு கைதான கீது."

நாளையிலிருந்து குழந்தையை மட்டும் பார்த்தால் போதும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். நம்பினாரா, தெரியவில்லை.

சாயங்காலம் ஜன்னலோரத் தரை மறுபடி கருத்திருந்தது. துடைக்கலாம் என்று வாளியை எடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் மித்ரா கட்டிலை நோக்கித் தவழ்ந்தாள். கட்டில் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்தபடி தன் காலை நீட்டினாள்.