சாயம் வெளுத்த டிராக்டர்

மகனுக்கு, அப்பா எழுதுகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. அக்கா மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். கைக்கு எட்டியதெல்லாம் தரைக்கு வருகிறது.

இரண்டு தடவை உன்னைப் பார்க்க வந்தேன். நீ வர மறுத்துவிட்டதாகச் சிறைக்காவலர் சொன்னார். நல்ல மனிதர். “அடுத்த மாசம் வாங்கய்யா, மனசு மாறும்” என்றார். கொடுத்துவிட்டு வந்த போர்வை உன் கைக்கு வந்ததா?

நீதிமன்றம் டிராக்டரை விடுவித்துவிட்டது. ஏற்கெனவே வெளுத்திருந்த வண்டி, பதினாறு மாதம் காவல் நிலைய வளாகத்தில் வெயிலில் நின்றிருக்கிறது. என்ஜின் மூடியைத் தொட்டால் சாக்பீஸைத் தொட்ட மாதிரி கையெல்லாம் வெளிர்தூள். வீட்டுப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். இன்னும் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை.

பெயிண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “பெயிண்ட் சாகலைங்க, மேல்தோல்தான் செத்திருக்கு. துணி துவைக்கிற பவுடரைப் போட்டுத் தேய்ச்சுடாதீங்க, இருக்கிறதும் போயிடும்” என்றார். வண்டி கழுவும் ஷாம்பூவால் கழுவி, நிழலில் காயவைத்து, பழைய பனியன் துணியில் பாலிஷ் பசையைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொன்னார். துரு பிடித்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்து அவரே துருவைத் தடுக்கும் ப்ரைமரும் அதன்மேல் சிவப்பும் அடித்துக் கொடுத்தார். கடைசியில் மெழுகு. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசி, தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினால் வெயில் ஒன்றும் செய்யாதாம்.

முதல் நாள் பின்பக்க மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு வந்தது. துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள் தேய்த்தேன். முடிந்த அன்று தச்சரின் மனைவி அந்த வழியாக வந்தார். கேட்டருகே நின்றார். வெகுநேரம் வண்டியையே பார்த்தார். பிறகு, “இது அன்னைக்கு இவ்வளவு செவப்பா இருந்திருந்தா எங்க வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமே” என்றார். கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவரிடம் சொல்லிவிட்டேன். “என் பையன் சொன்னான்மா. வண்டியும் மண்ணும் ஒண்ணாத் தெரியுது, பின்னாடியாவது செவப்பு அடிச்சிடலாம்ப்பான்னான். இரும்புக்கு எதுக்குடா பவுடர்னு நான்தான் சிரிச்சேன்.” இருட்டில் சாலை வளைவில் வண்டி நின்றுபோனதும், பேட்டரி இறங்கி விளக்கு எரியாததும், நீ மெக்கானிக்கைத் தேடி ஓடிய நேரத்தில் அவர் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து மோதி இறந்ததும் நீதிமன்றத்தில் எல்லாருக்கும் தெரியவந்தது. இது மட்டும் தெரியாது. நீயும் சொல்லவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய நானும் வாயைத் திறக்கவில்லை. என் பெயர் வந்துவிடுமோ என்ற பயம்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இதை என்கிட்ட சொல்றீங்க. அவன்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

உன்னை அங்கே அனுப்பிவிட்டு, என் பேச்சைக் கேட்காத பிள்ளை என்று ஊர் சொன்னபோதும் தலையைக் குனிந்துகொண்டு நின்றவன் நான். என் பேச்சைக் கேட்டதால்தான் நீ அங்கே இருக்கிறாய்.

வக்கீலைப் பார்த்துப் பேசப்போகிறேன். இந்த நேரத்தில் அதனால் ஆவதொன்றும் இல்லை என்று அவர் சொல்லக்கூடும். சொன்னாலும் எழுத்தில் கொடுத்துவிட்டு வருவேன்.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை வருவேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்காரப்பா. பேச வேண்டாம். என்னைத் திட்டினாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி. வந்து உட்கார்ந்தால் போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா