இல்லாத அவையும் இருக்கிற அவையும்

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன பிறகும் இரண்டு மாதம் இதே வரியை உனக்குக் கூசாமல் பொய்யாக எழுதினேன். இன்றுதான் உண்மையாக எழுதுகிறேன். வியாழக்கிழமை மதியம் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இளைத்திருக்கிறார், தாடி வெளுத்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. வந்ததும் குழாய் சொட்டுகிறதே, நாலு மாசமா யாரும் பார்க்கலையா என்று என்னை அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது.

தொலைபேசியில் நான் அழுததில் உனக்குப் பாதி புரிந்திருக்காது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நடுவில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது, கோபிக்காதே.

அவசரநிலை அறிவித்த மூன்றாம் வாரம் பஸ் டிப்போ வாசலில் வேலைநிறுத்த நோட்டீஸ் ஒட்டினார் என்பதற்காக அவரையும் இன்னும் முப்பத்தொரு பேரையும் வழக்கே போடாமல் உள்ளே வைத்தார்கள். சங்கத்துக்கு வாதாட முன்வந்தது ஒரே ஒரு வக்கீல். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறார். நாங்கள் அவரை மாடி வக்கீல் என்போம். இரண்டு மாதம் அவரும் முட்டி மோதிப் பார்த்தார், ஒன்றும் நகரவில்லை. உள்ள இருக்கிற ஒருத்தரோட வீட்டுக்காரிக்கு வெளிநாட்டுல சட்டம் சொல்லித் தர்ற நாத்தனார் இருக்காமே என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவங்க எழுதினது ஏதாவது இருக்காம்மா என்று என்னிடம் கேட்டார்.

இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் நீ அண்ணன் பெயருக்கு அனுப்பிய, பல நாட்டு அரசியலமைப்புகளை ஒப்பிடும் உன் ஆராய்ச்சிப் புத்தகம், அலமாரி உச்சியில், சுற்றிய சணல்கூட அறுக்கப்படாமல் அப்படியே இருந்தது. இதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. படித்துவிட்டுப் பெருமைப்பட்டார் என்று அப்போது உனக்கு நான் எழுதியது சுத்தப் பொய். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகுதுன்னு எட்டிப் பாக்கறதுக்கு ஒரு படிப்பா என்று உன்னிடம் கேட்டவர், வழியனுப்பவும் வராதவர், பிரித்துப் பார்ப்பாரா? அப்படியே அவர் அறைக்குக் கொண்டுபோனேன்; மாடி வக்கீல் கத்தரிக்கோல் கேட்டபோது எனக்குத் தலையே குனிந்துவிட்டது. கீழே தையல்காரரிடம் வாங்கி வந்து சணலை அறுத்தேன்.

நான்காம் அத்தியாயத்தில் மாடி வக்கீல் நின்றுவிட்டார். புதிதாக விடுதலை வாங்கிய ஏழை நாடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அரசியலமைப்பு எழுதிக்கொண்ட கதை. நம்மவர்களும் அவசரத்தில் வேறொரு நாட்டின் அத்தியாயத்தை அப்படியே இறக்கியிருக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அங்கேதான். அவசரநிலை அறிவிப்பை முப்பது நாளுக்குள் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் ஏற்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. நமக்கு இருப்பதோ ஒரே அவை. இத்தனை வருடம் இங்கே ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. அறிவிப்பு அந்த ஒரே அவைக்கும் போகவில்லை.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்; அதன் பிறகு நீ பட்ட பாடு உனக்கே தெரியும். இதே வரியை இதே மாதிரி காப்பியடித்து, நம்மைப் போலவே ஒரே அவையோடு மாட்டிக்கொண்ட இன்னொரு சின்ன நாட்டைக் கண்டுபிடித்தாய். அந்த நாட்டு நீதிமன்றப் பதிவாளருக்கு எட்டு முறை போன் போட்டு, இதே சிக்கலில் அங்கே வந்த தீர்ப்பின் முத்திரையிட்ட நகலை வாங்கி, மொழிபெயர்த்து அனுப்பினாய். வகுப்பு எடுத்துக்கொண்டே இதையெல்லாம் எப்படிச் செய்தாயோ.

விசாரணை அன்று நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு நடத்துனரின் மனைவி, என் கையை விடவே இல்லை. அரசு வக்கீல் எழுந்து, நம்மிடம் இரண்டு அவைகள் இல்லை, ஆகவே அந்தப் பிரிவு செத்த எழுத்து, யாருடைய ஒப்புதலும் தேவையில்லை என்றார். மாடி வக்கீல் உன் நகலை எடுத்து ஒரே வரியைத்தான் வாசித்தார்: இல்லாத அவையைக் காரணம் காட்டி இருக்கிற அவையை ஒதுக்க முடியாது. நமக்குச் சம்பந்தமில்லாத குட்டி நாட்டின் தீர்ப்பு நம்மைக் கட்டாது என்று அரசு வக்கீல் குதித்தார். நடுவில் இருந்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டாதுதான், ஆனா சொல்றது சரியா தப்பா, அதைச் சொல்லுங்க என்றார். பிறகு, ரெண்டு பூட்டு போடச் சொன்ன இடத்துல ஒண்ணுதான் கிடைச்சுதுன்னா கதவைத் திறந்தே போட்டுடுவீங்களா என்று கேட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முப்பத்திரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். டிப்போக்காரர்கள் வீட்டுப் பெண்கள் உன் பெயர்கூடக் கேட்கவில்லை, புத்தகக்காரம்மா என்றுதான் சொல்கிறார்கள். புத்தகக்காரம்மா நல்லா இருக்கணும் என்று சொல்லாமல் என் வாசலைத் தாண்டுவதில்லை. நான் உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என் தாலி, என் வீடு, என் தூக்கம் எல்லாம் நீ திருப்பிக் கொடுத்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

உன் அண்ணன் இப்போது அந்தப் புத்தகத்தைத்தான் படிக்கிறார். டிப்போ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். வேற மாடல் வண்டியோட கையேட்டை வச்சுல்ல நம்ம வண்டியை இத்தனை நாள் ஓட்டியிருக்காங்க என்று நேற்று தானாகச் சிரித்தார். இதை உங்க தங்கச்சிக்கு எழுதுங்களேன் என்றேன். உட்கார்ந்தார். நாலு தாளைக் கிழித்துப் போட்டார். பிறகு எழுந்து போய்க் குழாயைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

இனி ஒரு விஷயம். அரசு மறுபரிசீலனை மனு போட்டிருக்கிறது. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி ஏழு நீதிபதிகள் கேட்கிறார்கள். பயப்பட ஒண்ணுமில்லம்மா என்கிறார் மாடி வக்கீல். உன் அண்ணனும் அதையேதான் சொல்கிறார். ஆனால் சிறையிலிருந்து கொண்டுவந்த பையைத் துவைக்கப் போடலாம் என்று எடுத்தால், அது அங்கேயே இருக்கட்டும் என்கிறார். உள்ளே துவைத்து மடித்த இரண்டு சட்டை வைத்திருக்கிறார்.

அதனால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் செய். நான் வேண்டுமென்றே கடைக்குப் போய்விடுவேன், அவர்தான் எடுக்க வேண்டியிருக்கும். அங்கே குளிரா என்பார். டிப்போவில் புது வண்டி வந்த கதையைச் சொல்வார். நடுவில் பேச்சே வராமல் நிற்பார். நீ வாயாடி, இடையில் புகுந்து பேசிவிடாதே. போனையும் வைத்துவிடாதே. அவருக்கு வார்த்தை வரும்வரை பொறுத்துக்கொள், என் கண்ணே. மறுபடி அவர் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தாலும், தங்கையிடம் பேசாதவராகப் போகக் கூடாது.

நீ நோய்நொடி இல்லாமல், நிறைவாக வாழ வேண்டும்.

உன்னை மகளாகவே நினைக்கும்
அண்ணி